எங்களுக்கு ரூம் தருவீங்களா?

கூரை வேயும் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, விற்கும் காக்கா (வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) நேற்றுக் காலை வந்து கூரைகளை அண்ணாந்து பார்த்தார். பயணிகளுக்கு வாடகைக்கு விடும் எங்கள் நாலு கபானாவுக்கும், அதாவது ஓலைக் குடிலுக்கும், சேர்த்து 600 கிடுகாவது வேண்டும் என்றார். ஏப்ரல் வந்தால் அறுகம்பேயில் எல்லா வாசலிலும் இதே பேச்சுத்தான். மாரி மழையில் நனைந்து கறுத்த கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்ந்து, மெத்தைகளை வெயிலில் போட்டு, கிணற்றை இறைத்து, மே மாதம் அலை பிடிக்க வருகிறவர்களுக்கு இடத்தைத் தயார்படுத்துவோம். கை நிறைய வேலை கிடக்கிறது. இருந்தாலும் ஒரு மாதமாக மனதை அரிக்கிற ஒன்றை இன்று எழுதிவிட வேண்டும்.

போன மாதம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை படிவத்தோடு வந்தார். கொரோனாவுக்குப் பிறகு உங்கள் தொழில் எப்படி மீண்டது என்று கேள்வி. கீழே ஐந்து கட்டங்கள்: விலைக் குறைப்பு, இணைய விளம்பரம், சுகாதாரச் சான்றிதழ், வங்கிக் கடன், ஏனையவை. நான் 'ஏனையவை'யில் அடையாளம் போட்டேன். அதற்குப் பக்கத்தில் எழுத ஒரு வரிதான் இடம் இருந்தது. அந்தப் பிள்ளையின் மேல் குறை சொல்லவில்லை. ஆனால் என் பதில் ஒரு வரிக்குள் அடங்காது.

முதலில் எங்கள் கணக்கைச் சொல்ல வேண்டும். பொத்துவிலுக்குத் தெற்கே இருக்கும் இந்தக் குடாவை வெளியில் உள்ளவர்கள் அறுகம்பே என்பார்கள், எங்களுக்கு இது உல்லை. மே தொடக்கம் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். தெற்கிலிருந்து வரும் அலை முனையில் வளைந்து, நீளமாக, ஒழுங்காக உடையும். அந்த அலைக்காகத்தான் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தெல்லாமோ பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒக்டோபர் முடிய மழை வரும், ஊர் மூடும். ஆறு மாத உழைப்பில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். அதனால் மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஓர் இடி விழுந்தால் எங்களுக்குப் போவது ஒரு மாத வருமானம் இல்லை. போன ஒக்டோபரில் உழைத்ததுதான் கடைசிக் காசு, அடுத்தது அடுத்த வருடம் மே மாதம். இடையில் பதினெட்டு மாதம்.

எங்களுக்கு அந்த இடி அடுத்தடுத்து இரண்டு முறை அதே நேரத்தில் விழுந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. சீசன் தொடங்க இரண்டு கிழமை இருந்தது. அதற்கு முந்தின வருடம் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள் வந்திருந்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பின் வந்த மே மாதம் முழு நாட்டுக்கும் வந்தவர்கள் 37,802 பேர். எங்கள் வாசலில் பெட்டியோடு இறங்கியவர்கள் அந்த மாதம் மூன்று பேர். செப்டெம்பரில் இங்கே சர்வதேச சேர்ஃபிங் (அலைச்சறுக்கு) போட்டி நடந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. சரி, அடுத்த வருடம் பிடித்துவிடலாம் என்று என் கணவர் சுற்றுலா ஆட்களை ஏற்றியிறக்க லீசிங்கில் ஒரு வான் எடுத்தார். அது 2020 ஜனவரி. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு.

ஊரில் பெரியவர்கள் கொரோனாவைச் சுனாமியோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். எனக்கு அது சரியாகப் படுவதில்லை. 2004இல் எனக்குப் பதினேழு வயது. வீடு அத்திவாரத்தோடு போனது, வாப்பாவின் தோணியை ஒரு கிலோமீட்டர் உள்ளே பற்றைக்குள் கண்டெடுத்தோம். ஆனால் ஒரு மாதத்துக்குள் உலகமே இங்கே வந்துவிட்டது. அதற்கு முந்தின வருடம் எங்களிடம் கறி வாங்கிச் சாப்பிட்ட அவுஸ்திரேலியப் பொடியன் ஒருவன் சீமெந்து சுமந்தான். வாப்பாவுக்கு ஒரு நிறுவனம் புதுத் தோணி கொடுத்தது. களப்பின் மேல் அமெரிக்க உதவியில் பெரிய பாலம் கட்டி 2008இல் திறந்தார்கள். எல்லாம் இடிந்து கிடந்தது, ஆனால் ஆட்கள் வந்தார்கள். 2020இல் எல்லாம் அப்படியே நின்றது. சுவர், கூரை, கட்டில், பாலம், கடல், அலை ஒன்றும் குறையவில்லை. ஆள் மட்டும் இல்லை. உதவி செய்யக்கூடிய உலகமும் அதே நோயில் படுத்திருந்தது. விரித்த கட்டில் விரித்தபடி கிடப்பதைத் தினமும் பார்ப்பது வேறு விதமான துன்பம்.

என் தம்பி சேர்ஃபிங் சொல்லிக்கொடுப்பவன். இங்கே மழை தொடங்கியதும் எங்கள் பொடியன்களில் பலர் தெற்குக்குப் போய்விடுவார்கள். அந்தக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். ஊரடங்கு விழுந்தபோது அவன் வெலிகமவில் மாட்டிக்கொண்டான். மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியாது. நோன்பு முழுவதும் தனி அறையில் பிஸ்கட்டோடு நோன்பு திறந்தவன், பெருநாளைக்குப் பிறகு மரக்கறி லொறி ஒன்றில் வந்து சேர்ந்தான். எங்கள் இரண்டாவது கபானாவில் ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு சோடி விமானம் இல்லாமல் தங்கிவிட்டார்கள். அவர்களிடமும் காசு தீர்ந்துவிட்டது. நாங்கள் சமைப்பதை அவர்களும் சாப்பிட்டார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய், வாப்பா களப்பில் வீச்சு வலை எறிந்து கொண்டுவரும் இறாலும் நண்டும், வீட்டில் இருந்த நெல். அந்த மூன்றில்தான் ஒன்பது பேர் இருந்தோம். என் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. நோயை விடப் பெரிய பயம் ஒன்றும் அப்போது எங்கள் வீடுகளில் இருந்தது. கொரோனாவில் மௌத்தானால் எங்கள் மார்க்கப்படி அடக்க விடமாட்டார்கள், எரிப்பார்கள் என்ற பயம். அது 2021 பெப்ரவரி கடைசி வரை நீடித்தது. உம்மாவுக்கு இருமல் வந்த ஒரு கிழமை நான் தூங்கவே இல்லை.

ஜூன் கடைசியில் ஊரடங்கை முழுவதுமாக எடுத்தார்கள். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வெள்ளை வான் எங்கள் வேலிக்கு முன்னால் நின்றது. அண்ணன் ஒருவர் இறங்கினார், பின்னால் மனைவி, தாய், மூன்று பிள்ளைகள். மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவராம். நாலு மாதம் வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வந்திருக்கிறார். வீதியில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இங்கே நின்றார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டார்:

"தங்கச்சி, எங்களுக்கு ரூம் தருவீங்களா? இல்ல, வெளிநாட்டு ஆக்களுக்கு மட்டுந்தானா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின வருடங்களில் வந்திருந்தால் 'ரூம் இல்லை அண்ணன்' என்றுதான் சொல்லியிருப்பேன். அறை காலியாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் மட்டும் இல்லை, இந்தக் கரையில் பல இடங்களில் அதுதான் வழக்கம். உள்ளூர் ஆட்கள் என்றால் சத்தம் போடுவார்கள், குடிப்பார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளை முறைத்துப் பார்ப்பார்கள், ஆறு பேருக்கு ஓர் அறை கேட்பார்கள். இப்படி நாங்களே சொல்லிச் சொல்லி நம்பி வைத்திருந்தோம். சொந்த நாட்டின் கடற்கரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் தாயோடு வேலிக்கு வெளியே நின்று அனுமதி கேட்கும்படி வைத்தது நாங்கள்தான். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை. அதோடு, 2019இல் முஸ்லிம் தீவிரவாதிகள் மட்டக்களப்பிலும் குண்டு வெடிக்க வைத்த பிறகு, அங்கிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் முஸ்லிம்களான எங்கள் வீட்டைத் தேடி வருவது சின்ன விஷயமும் இல்லை. அவர் கேட்ட கேள்விக்குள் அதுவும் இருந்தது என்று நினைக்கிறேன்.

"உள்ளுக்கு வாங்க அண்ணன், முதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

காசு பேசும்போது இன்னொரு சங்கடம். எங்கள் விலை எல்லாம் டொலரில்தான் இருந்தது, ஓர் அறை 25 டொலர். அது அன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஒரு வாத்தியார் இரண்டு அறைக்கு இரண்டு இரவு எப்படிக் கொடுப்பார்? ஓர் அறைக்கு 2,000 ரூபாய் என்றேன், காலைச் சாப்பாட்டோடு. அந்தக் கணத்தில் வாயில் வந்த எண் அது. பிறகு இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் அதிலும் எனக்குக் கொஞ்சம் மிஞ்சியது. அவித்த இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் எங்கள் அடுப்பில் எப்போதும் இருப்பவைதான். அவகாடோ தேடி மொனராகலைக்கு ஓட வேண்டியதில்லை, தூரத்திலிருந்து வெண்ணெய்க்கட்டி வாங்கி ஐஸில் வைக்க வேண்டியதில்லை. வாப்பா பிடித்த இறாலை அன்றே கறி வைத்தேன். அந்தம்மா இரண்டாவது நாள் என் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துத் தந்தார்.

அவர்கள் போய் ஒரு கிழமையில் அவர்கள் சொல்லி இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு கொழும்பிலிருந்து இளம் பிள்ளைகள், கண்டியிலிருந்து வைத்தியர்கள், கல்முனை, அக்கரைப்பற்று, மாத்தளை. அந்த வருடம் ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மூன்று மாதமும் சனி ஞாயிறுகளில் அறை நிரம்பியது. அது வரை வாழ்க்கையில் அலைப்பலகையைத் தொடாத நம் நாட்டுப் பிள்ளைகள், புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பேபி பொயின்ட்டில் வரிசையாக நின்றார்கள். பெண் பிள்ளைகளும்தான். இந்த ஊரில் 2018இலேயே பெண்களுக்கென்று ஒரு சேர்ஃபிங் கழகம் தொடங்கியிருந்தார்கள், நாட்டில் அதுதான் முதல். உடை என்ன போடுவது, ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விகளையெல்லாம் அந்தப் பிள்ளைகள் முன்பே தாண்டி வழி போட்டு வைத்திருந்தது பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இருவர் படுக்கும் கட்டிலோடு பாய்களும் வாங்கினேன். குடும்பமாக வருகிறவர்களுக்குக் குளிக்கும் இடத்தில் மறைப்பு வேண்டும், தொழ ஒரு மூலை வேண்டும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சட்டி வேண்டும். எல்லாவற்றையும் விடக் கடல். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நீச்சல் தெரியும், நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. தம்பிக்கு முதல் மாதம் பாடம் சொல்லிக்கொடுத்ததை விடக் கரையில் நின்று 'இடுப்புக்கு மேல போகாதீங்க' என்று கத்தியதுதான் அதிகம். பிறகு அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு மூங்கில் கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டார்கள். இழுப்பு அதிகமான இடத்தில் அது இன்றும் நிற்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு உள்ளூர் ஆட்கள் வந்தார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. ஒக்டோபரில் நோய் திரும்பப் பரவியது. 2021 ஜனவரி 21ஆம் திகதி விமான நிலையத்தைத் திறந்தார்கள், ஆனால் வருகிறவர்கள் முதல் 14 நாள் சான்றிதழ் பெற்ற ஹோட்டல்களில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். நாலு கபானா வைத்திருக்கிற எனக்கு அந்தச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? என் காணிக்கு அனுமதிப் பத்திரம்தான் இருக்கிறது, சொந்தம் என்று காட்டும் உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் கடன் சலுகையும் இல்லை. ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்தேன். இந்தக் கடற்கரையில் சின்னச் சின்ன இடம் வைத்திருக்கிற எத்தனையோ பேர் என்னைப் போலத்தான். பெரிய இடர் வந்தபோது உதவிக்கான பட்டியலில் நாங்கள் இல்லை. பட்டியலைத் திறந்து எங்களையும் எழுதுங்கள் என்றுதான் இன்றைக்கும் கேட்கிறேன். அந்த 2021ஆம் வருடம் முழு நாட்டுக்கும் வந்தவர்கள் 1,94,495 பேர்தான்.

அப்போது வயல்தான் கை கொடுக்கும் என்று நம்பினோம். மழைக்காலத்தில் பெரும்போகம், வெயில்காலத்தில் கபானா, இரண்டு காலில் நிற்கிற குடும்பம் நாங்கள். இரண்டாவது காலையும் அதே வருடம் முறித்துவிட்டார்கள். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது விதைப்பு முடிந்திருந்தது. ஏக்கருக்கு 30 மூட்டை கண்ட எங்கள் வயலில் 12 மூட்டை வந்தது. வாப்பா களத்துமேட்டில் குந்தி இருந்து அந்த மூட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார்.

அடுத்தது 2022. மார்ச்சில் டொலர் 200 ரூபாயாக இருந்தது, மே மாதம் 360. எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவை தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். கொழும்பிலிருந்து இங்கே 300 கிலோமீட்டருக்கு மேல். அதனால் உள்ளூர் ஆட்களால் வர முடியவில்லை. ஆனால் அந்த முறை வெளிநாட்டவர்கள் எங்களைக் காப்பாற்றினார்கள். எச்சரிக்கை விட்ட நாடுகளிலிருந்தும் சில பேர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். வந்தவர்கள் வேறு இடம் போக வழியில்லாமல் மூன்று நாலு கிழமை தங்கினார்கள். விறகு அடுப்பில் சமைத்தேன், அவர்களும் விறகு பொறுக்கித் தந்தார்கள். 2020இல் டொலர் இல்லாமல் ரூபாயில் பிழைத்தோம், 2022இல் ரூபாய் செத்துப்போக டொலரில் பிழைத்தோம். ஒரே வகை ஆட்களை மட்டும் நம்பியிருந்தால் இரண்டில் ஒரு வருடம் கதவை மூடியிருப்போம். அந்தப் படிவத்தின் ஒரு வரியில் நான் எழுத நினைத்தது இதுதான்.

மூடியவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு காக்கா 2018இல் பெரிய கடன் எடுத்துப் பன்னிரண்டு அறையில் மாடி கட்டினார். கடனைத் தள்ளிப்போட விட்டார்கள், ஆனால் வட்டி தள்ளிப்போகவில்லை, அது உள்ளே ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் வேறு ஆளுடையது, காக்கா அதற்கு எதிரில் பழம் விற்கிறார். எங்கள் வானும் போய்விட்டது. மீதி லீசிங் காசைக் கட்டுவதற்காக என் கணவர் 2022 செப்டெம்பரில் கட்டாருக்குப் போனார். அந்த வருடம் இந்த நாட்டிலிருந்து வேலைக்கு வெளிநாடு போன 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். 2024இல் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னபோது சந்தோசமாகத்தான் இருந்தது. இவர் இன்னும் அங்கே ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பராமரிக்கிறார். சின்ன மகனுக்கு வாப்பா என்றால் போன் திரைதான். மீட்சியைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் இதையும் எங்காவது எழுத வேண்டும்.

இப்போது நாங்கள் பதினொரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு சீட்டுப் போடுகிறோம். சீசன் மாதங்களில் ஆளுக்கு 5,000. வழமையான சீட்டுப் போல மாதாமாதம் எடுக்க முடியாது. ஒரு முழு மாதம் யார் வீட்டிலும் அறை போகாவிட்டால்தான் பெட்டியைத் திறப்போம் என்பது விதி. திறந்தால் பதினொரு வீட்டுக்கும் அரிசி, பருப்பு, தேங்காயெண்ணெய் முதலில், கரண்ட் பில் அடுத்தது. போன முறை கல்யாணச் செலவுக்குக் கேட்டவருக்கும் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார், பிறகு அவரே வந்து அந்த மாதக் காசைக் கட்டினார். என் நாலு கபானாவில் இரண்டுக்கு வருடம் முழுக்க ரூபாய் விலை, யார் வந்தாலும் அதே விலை. கடன் எடுத்து மாடி கட்டச் சொல்லி அடிக்கடி ஆள் வருகிறது. கிடுகுக் கூரை போதும் என்று அனுப்பிவிடுகிறேன். கூரை போனால் 600 கிடுகு, அவ்வளவுதான் இழப்பு.

2023, 2024 இரண்டு வருடமும் ஊர் நிரம்பியது. வந்தவர்களில் இஸ்ரேலியர்கள் அதிகம், வீதியில் ஹீப்ரு எழுத்தில் பலகைகள் கூட வந்துவிட்டன. சில இடங்கள் முழுக்க அவர்களை நம்பியே நடந்தன. 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் இந்தப் பகுதியில் தாக்குதல் நடக்கலாம் என்று எச்சரிக்கை விட்டது. இரண்டு மூன்று நாளில் வீதி வெறிச்சோடியது, சந்திக்குச் சந்தி துப்பாக்கியோடு பொலிசார். என் வீட்டில் இருந்த நாலு பேரும் அன்றிரவே கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் போயிருப்பேன். படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. மட்டக்களப்பு வாத்தியார்.

"தங்கச்சி, நியூஸ் பார்த்தம். நீங்க எல்லாரும் சுகமா? புள்ளையள் பயந்துட்டாங்களா?"

சுகம் என்றேன். ஆட்கள் போய்விட்டார்கள், அடுத்த மாதம் சீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப வெள்ளிக்கிழமை நாங்க வாறம். அம்மாவும் வாறாவாம். ரூம் இருக்குத்தானே?" என்று கேட்டார்.

வந்தார்கள். மழை தொடங்கியிருந்தது, கடல் குழம்பிக் கிடந்தது, குளிக்கவும் முடியவில்லை. இரண்டு நாளும் அடுப்படியிலேயே இருந்து கதைத்தோம். அவருடைய மூத்த மகளுக்கு 2020இல் ஒன்பது வயது. இப்போது என் மகளை விட உயரம், தம்பியிடம் பழகிப் பலகையில் நன்றாக எழும்பி நிற்கிறாள்.

நேற்றும் போன் எடுத்தார். சித்திரை வருசத்துக்காக அடுத்த கிழமை வருகிறார்களாம், இந்த முறை தங்கச்சி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு. பத்துப் பேர். கடல்பக்கக் கபானாவின் கூரையை அதற்குள் முடிக்கச் சொல்லிக் காக்காவிடம் கேட்டிருக்கிறேன். பாய் இன்னும் மூன்று வாங்க வேண்டும்.